எந்தச் சுறா?

"இன்னைக்குச் சுறா பாக்கலாமா?" டைவ் கைடு வேலையில் தினமும் காதில் விழும் கேள்வி இதுதான். ஜெர்மன்காரர் கேட்பார், சீனத்து இளம் ஜோடி கேட்கும். சில வருடங்களாகச் சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வருகிறவர்கள் தமிழிலேயே கேட்கிறார்கள். "எந்தச் சுறா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். விழிப்பார்கள். சுறா என்றால் ஒரே பிராணி என்றுதான் பெரும்பாலோர் நினைப்பு. அதிலும் பாதிப் பேர் மனதில் இருப்பது 1975-ல் வந்த 'ஜாஸ்' படத்து வெள்ளைச் சுறா. அது பெரும்பாலும் குளிர்ந்த கடல்களில் திரிவது. மாலத்தீவில் நான் அதைக் கண்ணால் கண்டதில்லை.

இங்கே தண்ணீர் வருடம் முழுக்க வெதுவெதுப்பு. இந்தக் கடலில் திரியும் சுறாக்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலாசம் உண்டு. இன்ன ஆழம், இன்ன நேரம், இன்ன நீரோட்டம் என்று கணக்கு. அந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டு சுறா இருக்கும் இடத்தில் போய் நிற்பது ஒரு தொழில். மீன் தலையைக் காட்டி அதை நம்மிடம் வரவழைப்பது வேறு தொழில். இரண்டையும் செய்து பிழைத்திருக்கிறேன். எனக்குப் பிடித்தது முதலாவது.

எங்கள் குடும்பம் தூத்துக்குடியில் சங்கு குளித்த குடும்பம். தாத்தா மூச்சடக்கிக் குளித்தார். சித்தப்பா காலத்தில் கம்ப்ரசர் குழாய் வாயில் வந்தது. மாலத்தீவு எங்களுக்குத் தெரியாத ஊர் இல்லை. தூத்துக்குடித் தோணிகள் மாலேவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும். அங்கிருந்து வந்த மாசிக் கருவாடு எங்கள் அடுப்படியில் இருக்கும். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த நாட்களில் கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார் என்று தாத்தா சொல்வார். மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவது அவர் வேலை. அவர் வராவிட்டால் குளியாட்கள் இறங்க மாட்டார்கள். அதனால் வெள்ளைக்கார அரசாங்கமே அவரை வைத்துப் பராமரித்தது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. நான் மாலத்தீவுக்கு என்ன வேலைக்குப் போகிறேன் என்று விளக்கியபோது சித்தப்பா சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. "ஏலே, அந்தக் காலத்துல சுறா வராம இருக்கதுக்குக் காசு குடுத்தாவ. இப்பம் வாரதுக்குக் காசு குடுக்காவளா?"

கொடுக்கிறார்கள், சித்தப்பா. டாலரில் கொடுக்கிறார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது பிளாக்டிப். டேங்க் வேண்டாம், முகமூடி வேண்டாம், படகு இறங்குதுறைப் பலகையில் நின்று கீழே பார்த்தால் போதும். முழங்கால் தண்ணீரில், மணல் நிறத்து உடம்பும் முதுகுத் துடுப்பின் நுனியில் மை தொட்ட கறுப்புமாக அரை மீட்டர் நீளக் குட்டிகள் சுற்றிக்கொண்டிருக்கும். பெரிய சுறாக்கள் அந்தத் தண்ணீருக்குள் வர முடியாது என்பதால்தான் குட்டிகள் அங்கே வளர்கின்றன. இந்த இனம் முட்டையிடுவதில்லை. தாயின் வயிற்றில் கொடி வழியே உண்டு வளர்ந்து பிறக்கும் குட்டி. பிறந்து சில நாளே ஆனதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தால் நெஞ்சுத் துடுப்புகளுக்கு நடுவே தொப்புள் வடு தெரியும். வளர்ந்தாலும் ஒன்றரை மீட்டரைத் தாண்டுவது அபூர்வம். ஆள் நீந்தி வந்தால் ஓடிவிடும். கலங்கிய ஆழமற்ற தண்ணீரில் காலை மீன் என்று நினைத்துக் கவ்விய சம்பவங்கள் சில தீவுகளில் உண்டு. ஆகவே மாலை மங்கிய பிறகு தண்ணீரைக் கலக்கிக்கொண்டு நடக்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவைப்பேன்.

அடுத்தது ஒயிட்டிப். 'சுறா நீந்துவதை நிறுத்தினால் செத்துவிடும்' என்று எங்கோ படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இதைக் காட்டுவதில் எனக்கு ஒரு சந்தோஷம். பகல் முழுக்கப் பாறைக் குடைவுக்குள் வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்திருக்கும், சில சமயம் மூன்று நான்கு ஒன்றன்மேல் ஒன்றாக. வாயைத் திறந்து மூடி, செவுளுக்குள் தண்ணீரைத் தானே தள்ளிக்கொள்ளும். ஒல்லியான உடம்பு, தட்டையான மூக்கு, துடுப்பு நுனியில் வெள்ளை. அந்த உடம்பின் பயன் இரவில்தான் விளங்கும். பவளப் பொந்துகளில் தூங்கும் மீனை எடுப்பதற்கு உடம்பை முறுக்கி உள்ளே நுழைந்துவிடும். வெளியே வால் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

இதைப் பார்ப்பதற்கு வடக்கு ஆரி அட்டோலில் உள்ள மாயா திலாவை விட்டால் வேறு இடம் எனக்குத் தெரியாது. திலா என்பது கடலடியிலிருந்து எழுந்து, மேல்மட்டத்தை எட்டாமல் நின்றுவிட்ட பவளக் குன்று. மாயா திலாவின் தலை ஏழெட்டு மீட்டர் ஆழத்தில் இருக்கும். ஒரு டேங்க் காற்றில் முழுச் சுற்றும் வந்துவிடலாம். 1995-ல் மாலத்தீவு அரசு பாதுகாத்த 15 இடங்களில் இதுவும் ஒன்று. இரவில் அங்கே இறங்கினால் ஒயிட்டிப்கள் நம் கைவிளக்கு வெளிச்சத்தின் ஓரத்திலேயே வரும். நாம் ஒரு மீனின்மேல் விளக்கைக் காட்டினால் அடுத்த நொடி அந்த மீன் இருக்காது. ரொம்ப நாளாக அங்கே விளக்குகள் இறங்குகின்றன. விளக்கு வந்தால் வேட்டை சுலபம் என்று அவை கற்றுக்கொண்டுவிட்டன. ஆக, மீன் தலை போடாவிட்டாலும் விளக்கும் ஒரு வகை இரைதான். தூங்கும் மீன்மேல் விளக்கை நிறுத்தாதே என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். கேமரா வைத்திருப்பவர்கள் கேட்பதில்லை.

ஆனால் என் தொழிலின் உயிர் கந்துவில் இருக்கிறது.

மாலத்தீவில் அட்டோல் என்பது ஒரு பவள வளையம். வளையத்தின் நடுவே ஆழம் குறைந்த உள்கடல், வெளியே நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கும் சுவர். வளையம் அங்கங்கே அறுந்திருக்கும் வாய்க்கால்தான் கந்து. அலையேற்றமும் பருவக் காற்றும் தள்ளுகிற தண்ணீர் முழுக்க இந்த வாய்க்கால்கள் வழியாகத்தான் உள்ளே போய் வெளியே வர வேண்டும். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்று. இங்கே அதற்கு இருவை என்று பெயர். அந்த மாதங்களில் கிழக்குப் பக்கத்துக் கந்துகளில் வெளிக்கடலின் தெளிந்த தண்ணீர் உள்நோக்கிப் பாயும். வாவு அட்டோலில் மியாரு கந்து, ஃபொத்தேயோ, தெற்கு மாலே அட்டோலில் குரைதூ என்று பெயர்பெற்ற கந்துகள் எல்லாம் கிழக்கே இருப்பது தற்செயல் இல்லை. மியாரு என்றால் இங்கத்துத் திவேஹி மொழியில் சுறா. மே மாதம் தென்மேற்குக் காற்று, ஹுலாங்கு, தொடங்கியதும் கணக்குத் திரும்பிவிடும்.

வாய்க்காலின் வெளிவாய், சுவரின் விளிம்பு, 25-லிருந்து 30 மீட்டர் ஆழம். கிரே ரீஃப் சுறாவின் விலாசம் இது. உள்நோக்கி ஓட்டம் இருக்கும்போது மட்டும்தான் வீட்டில் இருக்கும். ஓட்டம் வெளிநோக்கித் திரும்பிவிட்டால் உள்கடலின் கலங்கல் தண்ணீர் வந்து சேரும், சுறாக்கள் கலைந்துவிடும், விளிம்பில் கீழிழுப்பு வேறு; ஆளையே ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே படகு கந்து வாய்க்கு வந்ததும் முதலில் குதிப்பது கைடு. முகமூடி, துடுப்புச் செருப்பு மட்டும் போட்டுக்கொண்டு குதித்து, தண்ணீரில் மிதக்கும் துகள்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று பார்க்க வேண்டும். மேல்தண்ணீர் ஒரு பக்கமும் கீழ்த்தண்ணீர் இன்னொரு பக்கமும் போகிற நாளும் உண்டு. எங்கள் தோனிப் படகின் கேப்டன் குதிக்கவே மாட்டார். தண்ணீர்மேல் சுருக்கம் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று சுக்கானில் நின்றபடி பார்த்து, "உள்ளே. பலம்." என்பார். பெரும்பாலும் அவர் சொன்னதுதான்.

ஓட்டம் சரியாக இருந்தால் கந்துக்கு வெளியே நீலக்கடலில் குதிக்கிறோம். ஜாக்கெட்டில் காற்று வைக்கக் கூடாது. மேலே மிதந்து நின்றால் விளிம்பை அடைவதற்குள் ஓட்டம் உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடும். தலைகீழாக இறங்கி, விளிம்பைப் பிடித்து, செத்த பாறையில் கொக்கியை மாட்டுகிறோம். கொக்கியிலிருந்து ஒரு மீட்டர் கயிறு, கயிற்றின் முனை நம் இடுப்பில். ஜாக்கெட்டில் சொட்டுக் காற்று விட்டால் உடம்பு தரையைத் தொடாமல் எழும்பி நிற்கும். பிறகு வேலை எதுவும் இல்லை, மூச்சு விடுவது தவிர.

முன்னால் கிரே ரீஃப்கள். ஒன்றரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர். சாம்பல் முதுகு, வாலின் பின்விளிம்பு முழுக்கக் கறுப்புப் பட்டை. நம்மை அடித்துக்கொண்டு போகிற அந்த ஓட்டத்தில் அவை வாலைக்கூட அதிகம் அசைக்காமல் நிற்கும், மேட்டுக் காற்றில் சிறகு விரித்து நிற்கும் பருந்துபோல. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, நடப்பதும் அதுவேதான். விளிம்பில் மோதும் தண்ணீர் மேல்நோக்கி எழும்பும்; அந்த எழுச்சியில் உடம்பைச் சாய்த்து வைத்தால் நீந்தாமலே நிற்கலாம். பிரெஞ்சு பாலினேசியாவில் ஃபக்கராவா அட்டோலின் தெற்கு வாய்க்காலில் நூற்றுக்கணக்கான கிரே ரீஃப்களை ஆராய்ந்தவர்கள், இப்படி நிற்பதில் அவற்றுக்குச் சக்தி மிச்சமாகிறது என்று 2021-ல் எழுதினார்கள். சுறாவுக்கு மற்ற மீன்களைப்போல் காற்றுப்பை கிடையாது. எண்ணெய் நிறைந்த பெரிய ஈரல்தான் மிதப்பு. நின்றால் மெல்ல அமிழும். ஓட்டம் தூக்கிப் பிடிக்கும் இடம் அதற்கு ஓய்விடம். எங்கள் கேப்டனும் நானும் தேடுகிற தண்ணீரைத்தான் அதுவும் தேடுகிறது.

வரிசையும் இருக்கும். முன்னால் நிற்பது மெதுவாகப் பின்னோக்கி நகர்ந்து, சுற்றிவந்து, மறுபடி முன்னால் இடம்பிடிக்கும். பெட்டைகளைச் சுலபமாக அடையாளம் காணலாம். முதுகிலும் துடுப்பிலும் பல் பதிந்த வடுக்கள். இணையும்போது ஆண் கடித்துப் பிடித்துக்கொள்வதால் வருவது. ஏப்ரல், மே வாக்கில் வயிறு பெருத்த பெட்டைகளை அதிகம் பார்த்திருக்கிறேன். சுமார் ஒரு வருடம் சுமந்து ஒன்றிலிருந்து ஆறு குட்டிகள்வரைதான் போடும். பருவத்துக்கு வரவே ஏழெட்டு வருடங்களுக்கு மேல் ஆகும். மத்திச் சாளையைப்போல் ஒரு வருடம் பிடித்துத் தீர்த்தால் மறு வருடம் வந்து நிற்கும் சாதி இல்லை.

கிரே ரீஃபிடம் எனக்கு மரியாதை அதிகம், காரணம் அது பேசும். கோபம் வந்தால் சொல்லிவிட்டுத்தான் செய்யும். முதுகு வளையும், மூக்கு மேலே தூக்கும், நெஞ்சுத் துடுப்புகள் இரண்டும் செங்குத்தாகக் கீழே இறங்கும், நீச்சல் விறைத்துப்போய் இடமும் வலமும் வீசி வீசி வரும். பசிபிக்கில் எனவெட்டாக் அட்டோலில் இதைக் கவனித்து ஜான்சன், நெல்சன் என்ற இருவர் 1973-ல் எழுதியது சுறா நடத்தை பற்றிய முதல் நல்ல ஆய்வுகளில் ஒன்று. சுறாவை மூலையில் மடக்கும்போதும் பின்னால் துரத்தும்போதும் இந்த ஆட்டம் வருகிறது என்று கண்டார்கள். எங்கள் கடலில் இதை நான் பார்த்ததெல்லாம் கேமராக்காரர் ஒருவர் கொக்கியைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் சுறாவை நெருக்கிய சமயங்களில்தான். அப்போது செய்ய வேண்டியது ஒன்றே: அதற்கு வெளியேறும் வழியை விட்டு, முகத்தைத் திருப்பாமல், ஆட்களைச் சேர்த்துக்கொண்டு பின்வாங்குவது. ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. கடல்கட்டியின் மந்திரம் என்னிடம் இல்லை. இந்த உடல்மொழி தெரியும்.

ஆக்சிஜன் கூடிய நைட்ராக்ஸ் காற்றுப் போட்டாலும் விளிம்பின் அந்த ஆழத்தில் நேரம் குறைவு. மாலத்தீவுச் சட்டப்படி பொழுதுபோக்கு டைவுக்கு 30 மீட்டர்தான் எல்லை. அழுத்தம் குறைக்க நின்று நின்று ஏறும் டைவ் கூடாது. டைவ் கம்ப்யூட்டர் சைகை காட்டியதும் கொக்கியைக் கழற்றினால் ஓட்டம் கந்து முழுக்கத் தானே கொண்டுபோகும். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, பலூனை மேலே அனுப்பினால் கேப்டன் வந்து பொறுக்கிக்கொள்வார்.

தெற்கு அட்டோல்களில், வெளிச்சுவரின் ஆழத்தில், சில்வர்டிப் உண்டு. கிரே ரீஃபைவிடப் பருமன், எல்லாத் துடுப்பு விளிம்பிலும் வெள்ளி. அது வந்தால் கிரே ரீஃப்கள் ஒதுங்கிவிடும். ஜீப்ரா சுறா மணலில் படுத்திருக்கும்; குட்டியில் வரி, வளர்ந்தால் புள்ளி. கண்டால் அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

சுத்தியல் தலைக் கொம்பன் சுறாவுக்கு விடியலில் எழ வேண்டும். ரஸ்தூ அட்டோலில் இருட்டோடு கிளம்பி, சூரியன் எழும் நேரத்துக்குச் சுவரை விட்டு விலகி வெறும் நீலத்துக்குள் மிதக்க வேண்டும். கீழே தரை இல்லை, பக்கத்தில் சுவர் இல்லை. புதியவர்களுக்குத் தலை சுற்றும். இரவில் ஆழத்தில் இரைதேடிய கூட்டம் காலையில் சுவர்ப்பக்கம் வரும். வெயில் ஏறினால் இறங்கிவிடும். அந்தப் பெரிய தலைக்கு நம் மூச்சுக் குமிழ்கள் பிடிக்காது. எட்டுப் பேர் படபடவென்று மூச்சு விட்டால் கீழேயே திரும்பிப் போகும். பாதி நாள் வெறுங்கையோடு வருவோம். நீலத்தைப் பார்க்கக் காசு வாங்கினாயா என்று கேட்டவர் உண்டு. ஆமாம் என்றேன்.

வெறுங்கையோடு வரும் அந்தப் பாதி நாள்தான் இந்தத் தொழிலின் பிரச்சினை. விருந்தாளிக்கு ஒரு வாரம்தான் விடுமுறை. அவருக்கு உறுதி வேண்டும். உறுதிக்கு இரை வேண்டும்.

வாவு அட்டோலில் ஒரு உல்லாசத் தீவின் இறங்குதுறை. பல வருடங்களுக்கு முன் சமையல்காரர்களும் மீன்பிடிப் படகுகளும் கழிவை அங்கே கொட்டப்போக, நர்ஸ் சுறாக்கள் சேர்ந்தன. பிறகு அதுவே காட்சியானது. இப்போது இரவானால் படகுகள் வரிசையில் நிற்கும். விளக்குகளின் கீழே மூன்று மீட்டர் நீள நர்ஸ் சுறாக்கள் ஆட்களின் மடியிலேயே விழும். நர்ஸ் சுறா பழுப்பு நிறம், சின்ன வாய், மேலுதட்டில் இரண்டு மீசை. இரையை உறிஞ்சி எடுக்கும். பொந்திலிருக்கும் நண்டையும் ஆக்டோபஸையும் வெளியே இழுக்கும் அளவு அந்த உறிஞ்சலுக்கு வேகம் உண்டு. பகலில் குகையில் தூங்கும், இயல்பில் சோம்பேறி. இங்கே விருந்தாளிகள் அதைக் கட்டிப்பிடிக்கிறார்கள், வாலைப் பிடிக்கிறார்கள், முத்தம் கொடுக்கப் பார்க்கிறார்கள். சின்ன வாய்தான், ஆனால் கவ்வினால் விடாது. கை எது, மீன் எது என்று வித்தியாசம் தெரியாதபடி பழக்கியது நாம். கிரே ரீஃப் சொல்லிவிட்டுச் செய்யும் என்றேனே, இரைக்கு முண்டும் நர்ஸ் சுறா அப்படி எதையும் சொல்வதில்லை.

அங்கே ஆட்களை அழைத்துப் போயிருக்கிறேன், சம்பளம் அதற்கும் சேர்த்துத்தான். போய்விட்டு வந்தவர்கள் மறுநாள் கந்துவில் கொக்கி மாட்டி நின்று, பதினைந்து மீட்டர் தள்ளி நிற்கும் கிரே ரீஃபைக் கண்டு சலித்துக்கொள்வார்கள். தொட முடியவில்லையே என்று. இரைபோட்டுக் காட்டுவதால் சுறா கெடுவது பற்றி நிறையப் பேசுகிறோம். பார்க்கிறவன் கண் கெடுவது பற்றிப் பேசுவதில்லை.

திமிங்கலச் சுறாவின் கதை வேறு. நம் ஊர் மீனவர்கள் அம்மணி உழுவை என்பார்கள். இந்தியாவில் 2001-லிருந்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. இதை யாரும் இரைபோட்டு அழைக்க வேண்டியதில்லை. தெற்கு ஆரி அட்டோலின் வெளிச்சுவரோரம் வருடம் முழுக்கத் தென்படும். உலகத்தில் அப்படிப்பட்ட இடங்கள் சிலவே. வருபவை பெரும்பாலும் ஆறு மீட்டர் வாக்கில் உள்ள இளம் ஆண்கள். பெரிய பெட்டைகள் எங்கே போகின்றன என்பது இன்னும் புதிர். 1995-ல் தைவானில் பிடிபட்ட ஒரு பெட்டையின் வயிற்றில் 300 குட்டிகள் இருந்தன. இதன் இனப்பெருக்கம் பற்றி உலகத்துக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த ஒரே உடலிலிருந்து வந்தது. செவுளுக்குப் பின்னால் இருக்கும் புள்ளிக்கோலம் ஒவ்வொன்றுக்கும் தனி. அதைப் படமெடுத்து அடையாளம் வைக்கிறார்கள். ஆழத்துக் குளிரில் இரைதேடிவிட்டு மேல்தண்ணீரில் வெயில்காய வருகின்றன என்று ஒரு விளக்கம்.

வெயில்காய வருகிற இடத்தில் நாங்கள் காத்திருக்கிறோம். 2009-ல் அந்தப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட கடலாக அறிவித்தார்கள். அருகே போகவும் தொடவும் படகு வேகத்துக்கும் விதிகள் இருக்கின்றன. ஆனால் கூரைமேல் நிற்கும் பையன் ஒருவன் கை நீட்டினால் போதும், கண்ணுக்கெட்டிய படகெல்லாம் அங்கே திரும்பும். முதுகிலும் துடுப்பிலும் புரொப்பல்லர் வெட்டுத் தழும்பில்லாத திமிங்கலச் சுறாவை அங்கே பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். இரை இல்லாமலும் கெடுக்க முடியும் என்பதற்கு இது சாட்சி, என் வாதத்துக்கு எதிர்ச்சாட்சியும்கூட.

இன்னொரு எதிர்ச்சாட்சி ஃபுவமுலா. தெற்கே, நிலநடுக்கோட்டைத் தாண்டி, தனித்தீவே அட்டோலாக நிற்கும் இடம். துறைமுக வாயில் மீனவர்கள் சூரை வெட்டிய கழிவைக் கடலில் போடுவார்கள். அதற்குப் புலிச் சுறாக்கள் வந்து பழகின. டைவ்காரர்கள் பின்னால் வந்தார்கள். இன்று ஏழெட்டு மீட்டர் ஆழத்தில், சூரைத் தலைகளைப் பாறைக்கடியில் செருகிவைத்து, விருந்தாளிகளைச் சுவரோரம் வரிசையில் நிறுத்துகிறார்கள். வருபவை நான்கு மீட்டர் பெட்டைகள். ஏழு வருடப் படங்களை வைத்து 2024-ல் வெளிவந்த ஆய்வு 239 தனித்தனிப் புலிச் சுறாக்களை அடையாளம் கண்டது. பத்தில் எட்டுக்கு மேல் பெட்டை. உலகத்திலேயே தெரிந்தவற்றில் பெரிய கூட்டம். வரிகளையும் துடுப்புக் காயங்களையும் வைத்து அங்கத்துக் கைடுகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். எது எந்த மாதம் சினையாக இருந்தது என்று சொல்கிறார்கள்.

எனக்கு இரை பிடிக்காது. ஆனால் அந்த 239 என்ற எண் இரையால் கிடைத்தது. அங்கே நான் கொஞ்ச காலம் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டதும் நிறைய. புலிச் சுறா அவசரப்படாது. முன்னால் ஒரு முறை வந்து, காணாமல்போய், நாம் மறந்த பிறகு பின்னாலிருந்து வரும். அதனால் ஒரு கைடு எப்போதும் வரிசைக்குப் பின்னால் நின்று, யாரும் பார்க்காத திசையையே பார்த்துக்கொண்டிருப்பார். நேராக வருவதைக் கண்ணுக்குக் கண் பார்த்து நின்றால் அது விலகும். திரும்பி நீந்தினால் தொடரும். கைகளைத் தொங்கவிடாமல் உடம்போடு வைத்திருக்க வேண்டும். இவ்வளவு சரியாகச் செய்தால் அழகான டைவ். ஆனால் அந்தச் சரி, பணத்துக்குப் போட்டி அதிகமாகும்போது எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் என் கவலை.

எங்கள் கேப்டனுக்கு இந்தக் கவலைகள் கிடையாது. அறுபதைத் தாண்டியவர், நான் பேபே என்று கூப்பிடுவேன், அங்கே அண்ணனுக்குச் சொல்வது. இளவயதில் சுறா பிடித்தவர். புலிச் சுறாவின் ஈரலைக் காய்ச்சி எண்ணெய் எடுத்து மரத்தோனிக்குப் பூசுவார்களாம். அந்த நாற்றம் தலைமுடியில் ஒரு மாதம் நிற்கும் என்பார். 1980-களில் ஆழ்கடல் சுறாவின் ஈரல் எண்ணெயை ஜப்பான் வாங்க ஆரம்பித்தபோது பணம் கொட்டியது, சில வருடத்தில் அந்தச் சுறாவே தீர்ந்துபோனது. பிறகு துடுப்பு வியாபாரம் ரீஃப் சுறாக்களிடம் வந்தது.

அந்த நேரத்தில்தான் சார்ல்ஸ் ஆண்டர்சன் என்ற கடல் ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் ஒரு கணக்குப் போட்டார்கள். 1990-களின் தொடக்கம். ஒரு கிரே ரீஃப் சுறாவைக் கொன்றால் மீனவருக்கு ஒரே ஒரு தடவை 32 டாலர். அதே சுறா டைவ் இடத்தில் உயிரோடு நின்றால் வருடத்துக்கு 3,300 டாலர். ஆரி அட்டோலில் முஷிமஸ்மிங்கிலி திலா, டைவ்காரர்கள் ஃபிஷ் ஹெட் என்று அழைக்கும் இடம், அந்நாளில் கிரே ரீஃப்களுக்கு உலகப் புகழ் பெற்றது. 1995-ல் பாதுகாத்தார்கள், அதே காலத்தில் சுறாக்களை யாரோ பிடித்துத் தீர்த்துவிட்டார்கள். 1998-ல் சுற்றுலா நடக்கும் அட்டோல்களில் தடை, 2009-ல் ரீஃப் சுறாவுக்குத் தடை, 2010-ல் நாடு முழுக்கத் தடை. நான் வேலைக்கு வந்தது அதற்குப் பிறகு. கந்துகளில் கிரே ரீஃப் எண்ணிக்கை கூடிவருவதை என் காலத்திலேயே பார்த்திருக்கிறேன்.

பேபேயும் பார்த்திருக்கிறார், வேறு கோணத்தில். அவர் தங்கை மகன் கைத்தூண்டிலில் மஞ்சள் துடுப்புச் சூரை பிடிக்கிறவன். தூண்டிலில் மாட்டிய சூரையை மேலே இழுப்பதற்குள் சுறா பாதியைக் கடித்துக்கொண்டு போய்விடுகிறது. 2021-ல் தடையைத் தளர்த்தலாமா என்று அரசாங்கம் வாய்விட்டுக் கேட்டபோது டைவ்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினோம், பேச்சு அடங்கியது. மீனவர்கள் கத்தியது எங்கள் காதில் விழவில்லை.

"உன் விருந்தாளி சுறாவைப் பார்த்து டாலர் கொடுக்கிறான். இவன் பாதி மீனை இழுக்கிறான். அந்த டாலரில் இவனுக்கு எவ்வளவு?" என்றார் பேபே ஒரு நாள்.

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. உல்லாசத் தீவில் தங்குகிற ஒவ்வொருவரிடமும் இரவுக்கு 12 டாலர் பசுமை வரி வாங்குகிறது அரசாங்கம், 2025-லிருந்து. அதற்கு முன் ஆறு. அதில் ஒரு பங்கை, சுறாவால் மீன் இழந்த தூண்டில்காரர்களுக்கு ஒதுக்கலாமே என்பது என் யோசனை. பேபே தலையாட்டிக் கேட்டுவிட்டு, கணக்கு யார் சொல்வது என்றார். தூண்டில்காரன் சொன்னால், பிடிபடாத மீனெல்லாம் சுறா தின்ற மீனாகிவிடும் என்று அவரே சிரித்தார். கடிபட்ட தலையைக் கரைக்குக் கொண்டுவந்து காட்டட்டும், தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கலாம் என்கிறேன் நான். ஐஸ் பெட்டியில் அதற்கு இடம் எங்கே என்கிறார் அவர்.